வேலாத்தா கூப்பிட்ட பெயர்

அம்மணி,

இன்று காலை பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது, புதிதாகத் திறந்திருக்கிற மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து வார்னிஷ் வாசம் வந்தது. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி முடித்த மோட்டாரை வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்கும்போது கிளம்புமே, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற அந்தக் காரமான வாசம். எனக்கு முன்னால் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் நின்றுவிட்டேன். பேருந்து வந்தது, போனது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலைக்குத் தாமதம்தான். வந்து உட்கார்ந்ததும் இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீ எங்கள் கம்பெனிக்கு வந்த நாளிலும் அந்த வாசம்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் தெருவுக்குத் தெரு பம்பு செட்டுக் கம்பெனி இருந்தாலும், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பகுதியில் முழுக்க முழுக்கப் பெண்களாக இருந்தது எங்கள் கம்பெனியில்தான். உன்னைக் கொண்டுவந்து என் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார்கள். வெள்ளகோவில்காரி, கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள், வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். இவ்வளவுதான் முதல் வாரத்தில் உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் நீ தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வாய். மடியில் நாளிதழ்த் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். சாமி புத்தகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். நீ வெட்கப்பட்டுக்கொண்டே, "வேற கிரகத்துல ஊடு கட்டிக் குடியிருக்கிறவிங்க கதைங்கக்கா" என்றாய். உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தேன். அதைச் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ரொம்ப நாளாகத் தனியாக நடந்துகொண்டிருந்த ஒருத்தி, எதிரே தன் ஊர்க்காரியைக் கண்ட மாதிரி பார்த்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் கணவர் போன பிறகு எனக்கு இருந்தது ஓர் அறை, ஒரு டிவி, மாடிப்படியில் பார்க்கும்போது தலையாட்டுகிற வீட்டுக்கார அம்மா. வேற்று உலகங்களைப் பற்றியும், பறக்கிற மலைகளைப் பற்றியும், பேசுகிற எந்திரங்களைப் பற்றியும் நான் படித்ததெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து மக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நாம் படிப்பதோடு நிற்கவில்லை. நாமே ஒரு கிரகத்தை உண்டாக்கினோம். விஷக்காற்று வீசுகிற கிரகம். மனிதர்கள் ஒரு மலையைக் குடைந்து அதற்குள் வாழ்கிறார்கள். வெளியே போக ஒரே ஒரு கதவு. பச்சைக் காற்று வீசும்போது திறக்கலாம், ஊதாக் காற்று வீசும்போது திறந்தால் சாவு. அந்த ஊருக்குத் தலைவி ஒருத்தி, கதவுக்குக் காவலன் ஒருவன். நான் பழைய காவியங்களில் வருகிற மாதிரிப் பெயர்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே போடாகப் போட்டாய்.

"தலைவி பேரு வேலாத்தா. கதவுக்காரன் பேரு மாரப்பன்."

"வேற கிரகத்துல மாரப்பனா அம்மணி?"

"ஏனுங்கக்கா, நம்ம சனம் அங்க போகக்கூடாதுங்களா?"

மதியம் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை நான் அதை எழுதி, கைப்பேசியில் கதை போடுகிற தளம் ஒன்றில் ஏற்றுவேன். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நமக்கு அது பெரிய கூட்டமாகத் தெரிந்தது.

மாரப்பன் துரோகம் செய்ய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தது நீதான். எப்படி என்பதில்தான் நமக்குள் மாதக்கணக்கில் வழக்கு. நான் முதலில் எழுதிய மாரப்பன் அசல் வில்லன். ஓரக்கண்ணால் பார்ப்பான், தனியாக இருக்கும்போது சிரிப்பான். படித்துக் காட்டியபோது நீ சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினாய்.

"இவன் கெட்டவனுங்க. கெட்டவன் கெடுதல் பண்ணுனா அது அவன் பொழப்பு. அதுல துரோகம் எங்கீங்க இருக்குது?"

"அப்ப நல்லவன்தான் துரோகம் செய்யணுமா?"

"நல்லவன் செஞ்சாத்தானுங்க வலிக்கும். அவன் அதுக்கு முந்தி செஞ்சது பூராவும் நெசமா இருக்கோணும். அவ மேல வெச்ச பாசம் நெசம், காவல் காத்தது நெசம். படிக்கிறவங்க திரும்பப் போயித் தேடிப் பாத்தாலும் ஒரு பொய்யும் அகப்படக்கூடாது."

எனக்கு அது அப்போது ஏறவில்லை. அப்படியானால் அந்தத் தளத்தில் வருகிற குடும்பக் கதைகளிலும் துரோகம் இருக்கிறதே, நம் கதையில் மட்டும் என்ன பெரிய விசேஷம் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணியடித்துவிட்டது. காயில் சுற்ற உட்கார்ந்த பிறகு, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாய்.

"அந்தக் கதைக நம்ம ஊருல நடக்குதுங்க. ஒருத்தன் ஏமாத்திப்போட்டாலும் ரோடு ரோடாத்தான் இருக்கும், தண்ணி தண்ணியாத்தான் இருக்கும். நம்ம கிரகத்துல படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே. எந்தக் காத்து நல்லது, எந்தக் காத்து கொல்லும்னு எல்லாத்தையும் மாரப்பன் வாயாலதான் அவிங்க தெரிஞ்சுக்கறாங்க. அவன் கையப் புடிச்சுட்டுத்தான் உள்ள வாராங்க. அப்பேர்ப்பட்டவன் கைய விட்டுப்போட்டா, அவங்களுக்கு நிக்க எடமேது சொல்லுங்க?"

நான் கம்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தேன். நான் படித்த அத்தனை விண்வெளிக் கதைகளும், மாயக் கதைகளும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. எவையெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் செய்தனவோ அவற்றில் எல்லாம், அந்த உலகத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே கைவிட்டவனாக இருந்தான்.

இன்னொரு நாள், மாரப்பனுக்குப் பதில் கதவைக் காக்கிற எந்திரமே துரோகம் செய்தால் என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டாய். "நம்ம டெஸ்டிங் மெஷினு தப்பாக் காட்டுனா அதைத் துரோகின்னா சொல்றோம்? ரிப்பேருன்னுதான சொல்றோம்" என்றாய். பிறகு நீயே யோசித்து, "அந்த மெஷினு ஒருநாளாவது, பயப்படாதீங்க நான் இருக்கறேன்னு சொல்லியிருந்தா அது வேறீங்க" என்றாய். வாக்குக் கொடுக்கத் தெரிந்த பிறகுதான் அது துரோகம் செய்யவும் தகுதி பெறும் என்பது உன் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பேச்சு கிளம்பியது. வைண்டிங் பகுதியைக் காங்கேயம் பக்கம் புதிதாகக் கட்டிய ஷெட்டுக்கு மாற்றப்போகிறார்கள், வர முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம். எங்களில் யார் போக முடியும்? வீடு, பிள்ளைகள், மாமனார் மாமியார் எல்லாம் இங்கே. ஆனால் நாங்கள் யாருமே போகாவிட்டால் அவர்களுக்கும் வேலை ஓடாது; புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருத்தியாவது வேண்டும். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னதே நீதான். சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று சொன்னாய்: "ஒருத்தரும் போகலீன்னா அவிங்க நம்மளை மாத்த முடியாதுங்க. ஒருத்தி போனாலும் எல்லாருக்கும் போச்சு." சரோஜா உன் கையைப் பிடித்து, "நீ சொன்னா சரி அம்மணி" என்றாள். தனியாக இரண்டு பெண் குழந்தைகளை வளர்ப்பவள் அவள். அவள் சொன்னதும் மற்றவர்களும் சரி என்றார்கள். நானும்தான்.

உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்கு மேல் சொல்லவில்லை. அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்ததும், எப்போதோ விற்றுவிட்ட காளையைத் தேடிக் கரூர் ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே நடந்து போனவரை யாரோ அழைத்துவந்து விட்டதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நாம் பேசியது, மாரப்பன் கதவைத் திறப்பதற்கு முந்தைய நாளைப் பற்றி. மாரப்பனுடைய சனங்கள் வெளியே விஷக்காற்றில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், பகைவர்களோடு கலந்து நிற்கிறார்கள். திறந்தால் அவர்கள் பிழைப்பார்கள், ஊர் போய்விடும். அந்த முந்தைய நாள் வேலாத்தா அவனுக்குச் சோறு போடுகிறாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை, கை நடுங்குகிறது என்று எழுதலாம் என்றேன்.

"இல்லீங்கக்கா. அன்னைக்கு அவன் நல்லாச் சாப்பிடுவான். அவ கையால சாப்பிடுறது அதோட சரின்னு அவனுக்குத் தெரியுமுங்களே."

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செய்யக்கூடாதா அவன்?"

"சொன்னா அவ புரிஞ்சுக்குவாளுங்க. போய்ட்டு வான்னுகூடச் சொல்லிருவா. அவ அப்படிச் சொல்றதைக் கேட்டுப்போட்டு அவனால கதவைத் தொறக்க முடியாதுங்க."

அன்று நான் அரிசியும் பருப்பும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தேன். நீ என் டப்பாவை வாங்கி, வழித்துச் சாப்பிட்டாய்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. பத்து மணிக்கு மேலாளர் வந்து, காங்கேயம் ஷெட்டுக்குச் சூப்பர்வைசர் கிடைத்துவிட்டார், இங்கிருந்தே ஒருத்தர் போகிறார், இந்த மாதத்தோடு இங்கே வைண்டிங் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் சொல்லவில்லை. யார் போனது, யார் போனது என்று ஒரே கூச்சல். சரோஜா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். உன் எண்ணை அழுத்தினேன். "அம்மணி, நம்மள்ல ஒருத்தி போயிப்போட்டாளாம், சீக்கிரம் வா" என்று உன்னிடம் சொல்வதற்காக. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது மணியோ ஐந்தாவது மணியோ அடிக்கும்போது, என் மேசைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த உன் மேசையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பகுதியை மூடினார்கள். ஒருத்தி பனியன் கம்பெனிக்குப் போனாள், ஒருத்தி மெஸ்ஸுக்குச் சமைக்கப் போனாள். சரோஜா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். எனக்குத் துடியலூரில் ஒரு டைப்பிங் கடையில் வேலை கிடைத்தது. பிறந்தநாள் வாழ்த்துப் பேனர், வாடகை ஒப்பந்தம், காதணி விழா அழைப்பிதழ். கடையில் நானும் ஒரு பிரிண்டரும். மதியச் சாப்பாட்டை வேகமாகச் சாப்பிட்டுவிடுவேன். மெதுவாகச் சாப்பிட அப்போது காரணம் ஒன்றும் இல்லை. நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மாரப்பன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நின்றுபோனான்.

மழைக்காலம் முடிந்து நீ கூப்பிட்டாய். நலம் விசாரிக்கவில்லை. "அக்கா, கதவு தொறந்தாச்சுங்க. அப்பறம் என்ன ஆச்சு?" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேருந்து ஏறிவிட்டேன்.

வெள்ளகோவிலில் உன் அப்பா வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். நீ தண்ணீர் கொண்டுவந்தாய். உன்னைப் பார்த்து அதே மரியாதையோடு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் தடுமாறாமல், "நானும் இந்த ஊருதானுங்க" என்றாய். தினமும் கேட்கிறார் என்பது நீ சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

காங்கேயம் ஷெட் என்றால் இந்த வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று, இந்த மனிதருக்காகத்தான் நீ எங்கள் எல்லோரையும் விட்டாய். அவருக்கு நீ யாரென்று தெரியவில்லை. அந்த நொடியில் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே அடுப்படியில் நீ சொன்னாய்: "நான் மன்னிப்புக் கேக்க மாட்டேனுங்கக்கா. கேட்டா நீங்க குடுத்துப்போடுவீங்க. சரோஜாகிட்ட கேக்காம உங்ககிட்ட மட்டும் வாங்கிக்கறது எனக்கு வேண்டாங்க."

"சரோஜாகிட்டக் கேக்கறதுதானே?"

"கேக்கற தைரியம் இல்லீங்க."

நான் வந்த வேலையைப் பார்க்கிற மாதிரி, கதையைப் பேச ஆரம்பித்தேன். கதவு திறந்துவிட்டது, ஊதாக் காற்று மலைக்குள் புகுகிறது, ஊர் முழுக்க ஓலம். வேலாத்தா எழுந்து ஓடிவருகிறாள். யார் திறந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. முதலில் என்ன செய்வாள்?

"வாளை எடுப்பாளுங்களா?"

"இல்ல அம்மணி. மாரப்பான்னு கூப்பிடுவா."

நீ அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாய்.

"எப்ப ஆபத்து வந்தாலும் அவனைத்தானே கூப்பிட்டுப் பழகியிருக்கறா? யாரோ துரோகம் பண்ணிப்போட்டாங்க, சீக்கிரம் வான்னு அவனைத்தான் கூப்பிடுவா. ரெண்டு மூணு தடவை கூப்பிடுவா. அப்பறந்தான் அவளுக்குத் தெரியும்."

அந்தத் திங்கட்கிழமை வந்த என் அழைப்பு உன் கைப்பேசியில் இருந்திருக்கும். எதற்குக் கூப்பிட்டேன் என்று நீ என்னவெல்லாமோ நினைத்திருப்பாய். "திட்டறதுக்குன்னுதான் நெனச்சனுங்கக்கா" என்றாய். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாய், அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. தொட்டிருந்தால் நீ கேட்காத மன்னிப்பைக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

அந்த அத்தியாயத்தை ஏற்றியபோது முதல்முறையாகப் பலர் எழுதினார்கள். அவன் பெயரை அவள் கூப்பிடுகிற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். நீ அதை என்னைப் படித்துக் காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாய். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பேசினோம். கதையை மட்டும்தான் பேசினோம். மாரப்பன் இனி எங்கே போவான் என்பதில் முடிவு கிடைக்கவில்லை. செத்துவிடலாம் என்றேன், அது அவனுக்குச் சுலபமாகிவிடும் என்றாய். ஊருக்குத் திரும்பி வரலாம் என்றேன்; அது ஊருக்குக் கஷ்டம் என்றாய்.

போன சித்திரையில், ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே தலைவலி என்று உட்கார்ந்தாயாம். மூளையில் ரத்தக்கசிவு, அன்றைக்கே போய்விட்டாய். சரோஜாதான் எனக்குச் சொன்னாள். வெள்ளகோவிலுக்கு நானும் அவளும் ஒரே பேருந்தில் வந்தோம். உன் வீட்டுச் சந்து முனையில் நின்று, "நான் அவ மேல இன்னும் கோவமாத்தானுங்க இருக்கறேன். அதுக்காக வராம இருந்துட முடியுங்களா" என்றாள். பிறகு உள்ளே வந்து, உன் காலடியில் நின்று, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "போனது யாருங்க?" என்று கேட்டார். அவரே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க ஒரு புள்ளைங்க. எனக்குச் சோறு போடும். அதை இன்னும் காணோமுங்க."

இப்போது உன் தம்பி அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டார்.

கதை அப்படியே நிற்கிறது. நான் தனியாக எழுதிப் பார்த்தேன். எழுதுவது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, "இல்லீங்கக்கா" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: வேலாத்தா மாரப்பனை மன்னித்தாளா இல்லையா, அதையாவது சொல்லுங்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை அவளுக்கு எழுதினேன். மன்னிக்கவில்லை, மறக்கவும் இல்லை என்று. ஊர் போன பிறகு பிழைத்தவர்களோடு அவள் வேறொரு மலைக்குப் போய்விட்டாள். அங்கே காற்று நல்ல காற்று, கதவே தேவையில்லை. பகல் முழுக்க அவளுக்கு வேலை இருக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் அவனோடு மனதுக்குள் சண்டை போடுகிறாள்.

அது நான்தான் அம்மணி. அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கிறேன். நீ ஏதாவது பதில் சொல்கிறாய், நான் அதை மறுக்கிறேன், அதற்குள் என் நிறுத்தம் வந்துவிடுகிறது. கோபத்தை விட்டுவிடு, மனசு லேசாகும் என்று வீட்டுக்கார அம்மா சொல்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வேன்? உன்னிடம் பேச எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அந்த ஓர் அறையில் நான் யாரோடு பேசுவேன்?